ஒற்றைக்காலில் நின்றவர்கள்

பிடித்த பிடியை விடாமல் அடம் பிடிக்கிறவர்களை, "ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்" என்று சொல்வது நம் வழக்கம். எங்கள் வீட்டில் அப்படி நிற்கிறவள் என் பேத்தி. அவளுக்கு வயது ஒன்பது.

2023-ம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பம். மிச்சாங் புயல் சென்னைக்குக் கிழக்கே கடலில் சாவகாசமாக நகர்ந்துகொண்டு, கொட்டுகிற மழையையெல்லாம் நம் தலையில் கொட்டிவிட்டுப் போன சமயம். பள்ளிக்கூடம் மூடியிருந்தது. மின்சாரம் இல்லை, ஆகவே டெலிவிஷனும் இல்லை. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. வேறு வழி இல்லாமல் அவள் புஸ்தகம் படித்தாள். இந்தக் காலத்துக் குழந்தைகள் புஸ்தகத்தைத் தொடுவதற்கு ஒரு புயல் வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

அந்தப் புஸ்தகத்தில் பூநாரையின் படம் ஒன்று இருந்தது. ரோஜா நிறச் சிறகு, குச்சி போன்ற கால், கேள்விக்குறி போல வளைந்த கழுத்து. பழவேற்காடு ஏரிக்கு மழைக்காலத்தில் இந்தப் பறவைகள் வருவதாகக் கீழே எழுதியிருந்தது.

"தாத்தா, பழவேற்காடு எங்கே இருக்கிறது?"

"வடக்கே 60 கிலோமீட்டர் இருக்கும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று முதல் அவள் ஒற்றைக்காலில் நிற்க ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, அரைவருஷப் பரீட்சை வருகிறது என்று அவளை நிறுத்திவைத்தோம். ஆனால் நான் தப்பவில்லை. "நீங்கள் பரீட்சை எழுத வேண்டாம் அல்லவா? நீங்கள் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மேல் கோர்ட்டாகிய அவளுடைய பாட்டியும் அந்தத் தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தாள். வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவும் சமயத்தில் நான் குறுக்கே நடமாடாமல் இருப்பது நல்லது என்பது அவளுடைய உட்கருத்தாக இருக்கலாம்.

பொன்னேரியில் என் பழைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்சிகளைப் பார்ப்பதில் பைத்தியம் உள்ளவர். அவர் வீட்டில் மூன்று நாள் ஜாகை என்று ஏற்பாடு செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை ரயில் ஏறினேன். மறுநாள், டிசம்பர் 11-ந் தேதி திங்கட்கிழமை விடியற்காலையில் பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காட்டில் போய் இறங்கினேன்.

பழவேற்காடு ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் தேசத்தில் இரண்டாவது பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடைய திருவள்ளூர் ஜில்லாவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-ம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாயிற்று. ராக்கெட்டு விடும் ஸ்ரீஹரிக்கோட்டா ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் துணியை வாங்கித் தூர தேசங்களுக்கு அனுப்பிப் பணம் பண்ணினார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டியிருக்கிறது. எழுத்து வெட்டிய கல்லறைகள் மட்டும் நன்றாக இருக்கின்றன. பழையகாட் கைலி என்ற பேரில் இந்த ஊரின் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அது ஓர் ஊரின் பெயர் என்று தெரியுமோ!

சரித்திரம் இருக்கட்டும். நான் வந்தது பூநாரைக்கு. பூநாரையைத் தேடினேன். இல்லை.

எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான். ஆரணியாறு கொண்டுவந்த வெள்ளத்தில் ஏரி செம்மண் நிறமாகக் கலங்கி, கரையை முட்டிக்கொண்டு நின்றது. சாதாரண நாளில் இந்த ஏரியின் பெரும்பகுதியில் ஆள் நடந்து போகலாம், அவ்வளவுதான் ஆழம். அன்று ஏரியில் மூங்கில் கழிகளின் நுனிகள் மட்டும் தெரிந்தன. உல்லாசப் பிரயாணிகளைப் படகில் ஏற்றிச் செல்வதும் அப்போது இல்லை. 2011-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று ஒரு படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். அதன் பிறகு தடை உத்தரவு போட்டுவிட்டார்கள். ஆகவே கரையோரமாக நடந்தேன்.

பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு மண் திட்டு தெரிந்தது. நம் வீட்டுக் கூடத்தைப் போல இரண்டு மடங்கு நீளம் இருக்கும். அதன் மேல் சுமார் இருநூறு குட்டிப் பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ரோஜா நிறமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஈர மண்ணின் நிறம், காய்ந்த புல்லின் நிறம், அவ்வளவுதான். சில குருவி அளவு. சில புறா அளவு. ஓரத்தில் மட்டும் அரிவாள் போல வளைந்த நீண்ட அலகுடன் இரண்டு பெரிய பறவைகள் இருந்தன. எல்லாம் காற்றை எதிர்கொண்டு ஒரே திசையைப் பார்த்து நின்றன. பெரும்பாலானவை அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு, ஒரு காலை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்றன.

எனக்கு என் பேத்தியின் ஞாபகம் வந்தது. "வெறுங்கையுடன் போவதற்கு இதையாவது படம் பிடிப்போம்" என்று எண்ணிக் காமிராவை எடுத்துக்கொண்டு சேற்றில் நாலு அடி எடுத்து வைத்தேன். அவ்வளவுதான்! 'கிலீர்' என்று ஒரு சத்தம். இருநூறு பறவைகளும் ஒரே பறவை போலக் கிளம்பின. ஏரியின் மேல் பெரிய வட்டம் போட்டன. திரும்பும்போது வெள்ளையாக மின்னின. மறுபடி திரும்பும்போது கறுத்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு அதே திட்டில், அதே இடத்தில் வந்து இறங்கின. நான் மறுபடியும் இரண்டு அடி வைத்தேன். மறுபடியும் கிளம்பின.

"ஏன் ஐயா அதுங்கள எழுப்பிக்கினே இருக்கீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கரையில் கவிழ்த்திருந்த படகு ஒன்றின் நிழலில் வயதான ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இறால் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறி ஒன்று அவர் மடியில் இருந்தது. அதன் பிய்ந்த விளிம்பை ஓலை வைத்துப் பின்னிக்கொண்டிருந்தார்.

"படம் பிடிக்கத்தான், பாட்டி" என்றேன்.

"பாட்டியா? உங்களுக்கு இன்னா வயசு?" என்று அவர் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. கணக்குப் பார்த்தால் நான் அவருக்கு அண்ணனாக இருக்கக் கூடும்! "மன்னிக்க வேணும், அம்மா" என்று சொல்லிக் கரையேறி அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"வேற போறதுக்கு எடம் இருந்தா அதுங்க இங்க ஏன் வந்து நிக்குதுங்க? நீங்க தொரத்தினா திரும்பவும் அங்கியேதான் வந்தாவணும். ரெக்க வலிதான் மிச்சம்" என்றார்.

நான் அந்தத் திட்டைப் பார்த்தேன். அதைச் சுற்றி எங்கும் தண்ணீர். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் விட மனமில்லாமல், "காலையிலிருந்து ஒன்றும் செய்யாமல் சும்மாதானே நிற்கின்றன?" என்றேன்.

"சும்மாவா நிக்குது? தண்ணி வடியணும்னு நிக்குது. நானும் அதுக்குத்தான் குந்திக்கினு இருக்கேன்."

பிறகு சிறிது சிறிதாக அவர் கதை வெளிவந்தது. அவர் இருளர் வகுப்பைச் சேர்ந்தவர். வலையும் படகும் இல்லாமல், தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பது அவருடைய தொழில். இடுப்பளவு, முழங்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, பத்து விரலாலும் சேற்றைத் துழாவ வேண்டும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

"விரல்தான் கண்ணு. இறால் மேல பட்டா ஒரு துள்ளு துள்ளும். அதுக்குள்ள புடிச்சிடணும். தண்ணி கழுத்து வரைக்கும் நின்னா எப்படிப் புடிக்கிறது? இன்னியோட எட்டு நாள் ஆவுது. ஒரு சாண் வடிஞ்சா போதும்."

வலை உள்ளவர்களுக்கும் நிம்மதி இல்லை. இந்த ஏரியின் தென்பகுதியில் மீன் பிடிக்கப் பட்டணவர் குப்பங்களில் 'பாடு' என்று நெடுங்கால வழக்கம் ஒன்று இருக்கிறது. மீன் நன்றாக விழும் இடங்கள் சிலவே, ஆள்களோ பலர். எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே இன்று இன்னார், நாளை இன்னார் என்று குப்பத்தார் கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். போலீஸும் கோர்ட்டும் இல்லாமல் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட இந்த ஒழுங்கைப் பற்றி அயல் நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து புஸ்தகங்களும் கட்டுரைகளும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த முறையில் பிறப்பினால் உரிமை உள்ளவர்களுக்குத்தான் இடம். கையால் பிடிக்கிறவர்களுக்கு அதில் பங்கு கிடையாது.

"எங்களுக்கு ஏது பாடு? ஓரந்தான் எங்க பாடு" என்றார் அந்த அம்மாள், திட்டின் மேல் நின்ற பறவைகளைப் பார்த்துக்கொண்டே.

அன்று இரவு பொன்னேரியில் சாப்பாடு ஆனதும் சிநேகிதரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் பறவைகளைக் கிளப்பிவிட்ட வீரப்பிரதாபத்தைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பூநாரை ஏன் இல்லை தெரியுமா? அது தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து, சல்லடை போலச் சலித்துச் சாப்பிடுகிற பிராணி. அதற்கு ஆழம் குறைந்த உப்புத் தண்ணீர் வேண்டும். அதில் உள்ள பாசியும் சிறு பூச்சியுந்தான் அதற்கு அந்த ரோஜா நிறத்தையே கொடுக்கின்றன. வெள்ளம் வந்து ஏரி ஆழமானால் வேறு இடம் தேடிப் போய்விடும். அதற்குப் பெரிய உடம்பு, பெரிய சிறகு, போக முடியும். நீர் பார்த்தவை உள்ளான்கள். அவற்றுள் குருவி அளவில் இருந்தது கொசு உள்ளான். எடை எவ்வளவு தெரியுமா? 25 கிராம். கோழிமுட்டையில் பாதி!"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அது சைபீரியாவின் வடகோடியில், மரம்கூட முளைக்காத பனிச் சமவெளியில் பொரித்தது. அங்கிருந்து பழவேற்காட்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. சிவந்த கால் தெரிந்ததா? அது பவளக்காலி. அரிவாள் மூக்கு கோட்டான். ஆந்தை என்று நினைத்துக்கொள்ளாதேயும். குட்டை மூக்குடன் உருண்டையாக இருந்திருக்குமே, அது மணல் உப்புக்கொத்தி. திபெத்து மேட்டுநிலங்களில் முட்டையிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிறது."

பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்டு நான் வெகு நேரம் தூங்கவில்லை. இந்த உள்ளான் ஜாதியில் பலவற்றில், குஞ்சுகள் வளர்ந்து கொஞ்சம் தேறியதும் தாயும் தகப்பனும் முன்னதாகவே தெற்கே புறப்பட்டு விடுமாம். குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழிகாட்ட ஒருவரும் இல்லாமல், அதுவரை பார்த்தே இராத ஓர் ஊருக்குத் தாங்களாகவே பிரயாணம் செய்யுமாம். நட்சத்திரமும் சூரியனும் பூமியின் காந்த சக்தியும் அவற்றுக்கு வழி சொல்லுகின்றன என்று சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் 1959-ல் ஆரம்பித்து, நம் கோடியக்கரை முதலான இடங்களில் இலட்சக்கணக்கான பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டி இந்தப் பிரயாண ரகசியங்களை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்.

"கூதிர்காலத்தின் கடைசியில் ஓரத்தில் நிற்கிறவற்றில் பாதி இந்த வருஷத்துக் குஞ்சுகளாக இருக்கலாம். வரும் வழியில் உடம்பிலிருந்த கொழுப்பெல்லாம் கரைந்திருக்கும். ஒற்றைக்காலில் நிற்பது பிடிவாதத்தினால் அல்ல. காலில் இறகு கிடையாது. ஒரு காலை உள்ளே இழுத்துக்கொண்டால் அந்த அளவுக்கு உடம்புச் சூடு மிச்சம். அப்படிச் சேர்த்து வைத்ததைத்தான் நீர் ஒரு படத்துக்காக இரண்டு தரம் செலவழிக்கச் செய்துவிட்டீர்!"

நான் பதில் பேசவில்லை. என்ன பேசுவது?

மறுநாள் காமிராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனேன். சிநேகிதருடைய தூரதிருஷ்டிக் கண்ணாடி கழுத்தில் தொங்கிற்று. அந்த அம்மாள் அதே இடத்தில் இருந்தார். பறவைகள் அதே திட்டில் இருந்தன. தண்ணீரும் அதே உயரத்தில் இருந்தது.

ஆனால் அன்று குப்பத்தில் பேச்சு வேறாக இருந்தது. தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு வெள்ளமாக எண்ணெய் கலந்து பரவிவிட்ட சமாசாரம் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அங்கே படகும் வலையும் கறுத்துப் போயின. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகில் எண்ணெய் அப்பிக்கொண்டது. மீனவர்களே தண்ணீரில் இறங்கி எண்ணெயை முகந்து பீப்பாய்களில் கொட்டினார்கள். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே கடல் இருக்கிறது, பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறது. "இங்கேயும் வந்துவிடுமோ?" என்பதுதான் எல்லார் வாயிலும் இருந்த கேள்வி.

"வரல. ஆனா வந்த மாதிரிதான்" என்றார் அம்மாள். "நேத்து ஒரு பொம்பள பொன்னேரி மார்க்கெட்டுல நண்டு வித்துது. எண்ணெய் நண்டான்னு கேட்டுட்டு யாரும் வாங்கல. தண்ணி வடிஞ்சி நான் எறால் புடிச்சாலும் எவன் வாங்குவான்னு தெரியல."

தண்ணீர் ஏன் வடியவில்லை என்றும் அவர் சொன்னார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள முகத்துவாரம் மணல் தள்ளித் தள்ளி அடைபடுகிறது. நம் கிழக்குக் கரையில் வருஷம் முழுவதும் கணக்குப் பார்த்தால் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு போகின்றன. நடுவில் ஒரு துறைமுகச் சுவரைக் கட்டினால் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரீனா மணற்பரப்பு அகன்றதும், ராயபுரம் பக்கத்தில் கடல் உள்ளே வந்ததும் இந்தக் காரணத்தினால்தான். அதன் பிறகு எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. பழவேற்காட்டு முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைப்பதற்குக் கல் சுவர் கட்டும் திட்டத்தை அரசாங்கத்தார் மேற்கொண்டார்கள். முகத்துவாரம் திறந்தால் வெள்ளம் வெளியே போகும். கடல் தண்ணீர் உள்ளே வரும். அதோடு இறால் குஞ்சும் வரும். அது அடைபட்டால் கோடையில் இந்த ஏரித் தண்ணீர் கடல் தண்ணீரைக் காட்டிலும் உப்பாகிவிடும். சுருங்கச் சொன்னால், ஏரிக்கு அதுதான் மூக்குத் துவாரம்.

"இன்னிக்கு அமாவாச. நாளைக்கு வத்தம் நல்லா இழுக்கும். வந்து பாருங்க" என்றார்.

அன்று முழுவதும் நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் ஜன்மத்தில் அப்படி ஒரு நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கொக்கின் பொறுமையைப் பற்றி ஔவைப் பாட்டியும் வள்ளுவரும் சொல்லியிருப்பதைச் சின்ன வயதில் நெட்டுருப் போட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காத்திருக்கும் பறவை எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். தூங்குவது போல் இருந்த ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணைத் திறந்து மூடியது. பருந்து ஒன்று தூரத்தில் வந்தபோது எல்லாக் கழுத்தும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. அலை வந்து திட்டின் ஓரத்தை நனைத்தபோது ஓரத்துப் பறவை உள்ளே நகர, உள்ளே இருந்தது இன்னும் கொஞ்சம் ஒடுங்கி இடம் கொடுத்தது.

டிசம்பர் 13-ந் தேதி புதன்கிழமை. பஸ்ஸைவிட்டு இறங்கி ஏறக்குறைய ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். என் வயதில் அது பிரமாதம்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. திட்டு நேற்றைவிடப் பெரிதாக இருந்தது. அதைச் சுற்றிலும் மினுமினுவென்று ஈரச் சேறு ஒரு கரை கட்டினாற்போல் வெளிப்பட்டிருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர் அதற்கு அப்பால் வெகு தூரம் பரந்திருந்தது. ஒரு சாண் வடிந்திருக்கும். அதற்கு மேல் இல்லை. அந்த ஒரு சாணிலே ஊரே மாறிப் போயிருந்தது.

ஒற்றைக்காலில் ஒருவரும் இல்லை! கொசு உள்ளான்கள் தையல் மிஷின் ஊசி போலச் சேற்றை விடாமல் குத்திக்கொண்டே ஓடின. உப்புக்கொத்திகள் நாலு அடி ஓடி நின்று, கண்ணால் பார்த்து, 'டக்'கென்று ஒன்றைக் கொத்தின. பவளக்காலிகள் முழங்கால் நனைய நடந்தன. கோட்டான் இரண்டும் அந்த நீண்ட மூக்கை அடி வரைக்கும் இறக்கிப் புழுவை உருவி எடுத்தன. ஒவ்வொன்றின் மூக்கும் ஒவ்வோர் அளவு. ஒவ்வோர் ஆழத்தில் ஒவ்வொன்றுக்கும் சாப்பாடு. ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைக்கவில்லை. இவற்றுக்கும் ஒரு பாடு முறை இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளானின் அலகு நுனியில் ஸ்பரிச உணர்ச்சி அதிகம். சேற்றுக்குள் இருப்பதை அது கண்ணால் பார்ப்பதில்லை, அலகால் உணர்கிறது என்று சிநேகிதர் சொல்லியிருந்தார்.

திட்டுக்குச் சிறிது தூரத்தில், முழங்காலுக்கு மேல் நின்ற தண்ணீரில், அந்த அம்மாள் குனிந்திருந்தார். பறியைப் பல்லால் கடித்திருந்தார். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் போயிருந்தன. முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. விரல்தான் கண் என்று அவர் சொன்னது எவ்வளவு உண்மை! அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் அதே மாதிரி குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். உள்ளான்கள் அவர்களுக்குப் பத்து அடி தூரத்தில் கவலையில்லாமல் மேய்ந்தன. என்னைக் கண்டு பறந்த பறவைகள் அவர்களைக் கண்டு பறக்கவில்லை.

காமிராவை எடுத்தேன். கரையில் நின்றபடியே, ஓர் அடிகூட முன்னால் வைக்காமல், ஒரே ஒரு படம் பிடித்தேன்.

பத்து மணி சுமாருக்கு அம்மாள் கரையேறினார். பறியில் சலசலவென்று இறால் துள்ளியது. அரைப்பறிகூட இராது. "போதுமா, அம்மா?" என்று கேட்டேன். "இத்தன நாளைக்கு அப்பறம் இன்னிக்கித்தான் கை நனைஞ்சிருக்கு. வித்தாத்தான் போதுமா இல்லையான்னு சொல்லணும்" என்றார். நான் ஒரு கிலோ வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சாப்புடறவுகளா?" என்று கேட்டார். நான் அசடு வழிய, "எனக்கு இல்லை, பொன்னேரியில் என் சிநேகிதர் வீட்டுக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, இறாலைக் கையில் எடுத்து முகர்ந்து, என் மூக்கருகிலும் நீட்டினார். "பாத்துக்குங்க. எண்ணெய் வாடை இல்ல. ஊருக்குப் போயி நாலு பேருகிட்ட சொல்லுங்க" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்று அந்த இறாலில் எண்ணெய் வாடை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியிடம் படத்தைக் காட்டினேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று.

"இது என்ன தாத்தா, மண் கலரில் இருக்கிறது? பூநாரை எங்கே?"

பூநாரை இல்லாத கதையைச் சொன்னேன். கோழிமுட்டையில் பாதி எடை உள்ள ஒரு குஞ்சு, அப்பா அம்மா இல்லாமல் சைபீரியாவிலிருந்து தன்னந்தனியாகப் பழவேற்காட்டுக்கு வந்த கதையைச் சொன்னேன். அவள் படத்தைத் திரும்ப வாங்கி, மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தாள்.

"தண்ணீரில் குனிந்திருக்கிறார்களே, இவர்கள் யார்?"

சொன்னேன்.

"அந்த எண்ணெய் இங்கே வந்திருந்தால் உள்ளான் என்ன பண்ணியிருக்கும்?"

"வேறு இடத்துக்குப் போகப் பார்த்திருக்கும்."

"வேறு இடம் இல்லை என்று அந்தப் பாட்டி சொன்னார்களே?"

நான் அதற்குப் பதில் சொல்ல முடியாமல், "பாட்டி என்று சொல்லாதே, அவருக்குக் கோபம் வரும்" என்று பேச்சை மாற்றினேன். ஆனால் அவளா விடுகிறவள்? உள்ளான்கள் எப்போது திரும்பிப் போகும் என்று கேட்டாள். பங்குனி, சித்திரையில் வடக்கே கிளம்பிவிடும் என்றேன். அதற்குள் தன்னை அழைத்துப் போக வேண்டும் என்றாள்.

"பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. கூடத்தின் நடுவில் போய் நின்று, ஒரு காலை மடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.